சக் சாவியைக் கட்டிய நூல்

இப்போது வருகிற டிரில் மெஷினுக்குச் சாவியே கிடையாது. முன்பக்கத்தைக் கையால் பிடித்துத் திருகினால் கடகடவென்று ஒரு சத்தம், ஓட்டை போடுகிற பிட் இறுகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் திருகினால் கழன்று கையில் வந்துவிடுகிறது. வயரும் இல்லை, பேட்டரிதான். போன மாதம் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒருவன் என் முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருகிக் காட்டி, "பாத்தியா பெரியப்பா, ரெண்டே செகண்டு" என்றான். பார்த்தேன். வயிறு எரிந்தது. மெஷின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்தச் சனியன் ஒரு பதினாலு வருடம் முந்தி வந்து தொலைந்திருக்கக் கூடாதா என்றுதான் எரிந்தது.

நான் வேலை பார்த்தது காஞ்சிபுரத்தில் ஒரு இரும்புப் பட்டறையில். பட்டுப்புடவைக் கடைகளுக்கு ரேக் செய்து, கடைக்கே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். இந்த ஊரில் புடவை அடுக்கி வைக்கிற சுவர்களில் பாதிச் சுவரை நான் ஓட்டை போட்டிருக்கிறேன். ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது பட்டறையை முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார். இஞ்சினியர் படித்த திவ்யா என்கிற பெண்ணைப் பாதுகாப்புக்கென்றே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"வரதன் அங்கிள், சேஃப்டி வீக் வருது. சின்னதா ஒரு மலர் போடறோம். உங்க எக்ஸ்பீரியன்ஸ் எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்."

"ஜாலியா ஒண்ணும் நடக்கலயேம்மா."

"அப்ப டிப்ஸ் மாதிரி ஏதாவது குடுங்க."

டிப்ஸாம். சரி, எழுதுகிறேன். அச்சில் போடுகிறார்களா என்று பார்ப்போம்.

முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் இரும்பைத் தூக்கினேன், துருவைத் தேய்த்தேன், டீ வாங்கி வந்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம் மேஸ்திரி ஏகாம்பரம் என் கையில் டிரில் மெஷினைக் கொடுத்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, சலவை கலையாத காக்கிச் சட்டை. பட்டறையில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிழைத்தோம். "இன்னா ராஜா" என்றாரானால் அன்றைக்கு நம் கதை முடிந்தது. தப்பு செய்தவன் விரல் முட்டியில் சக் சாவியாலேயே ஒரு தட்டு தட்டுவார். அந்த வலி சாப்பிடும்போதுகூடத் தெரியும்.

சக் என்பது டிரில்லின் வாய். உள்ளே மூன்று பற்கள் இருக்கும், அவைதான் பிட்டைக் கவ்விப் பிடிக்கும். சக்கைச் சுற்றி மூன்று ஓட்டைகள். அதில் சாவியை நுழைத்துத் திருகினால் பற்கள் திறக்கும், மூடும். பார்க்கப்போனால் சின்ன வேலை. இந்தச் சின்ன வேலையை எனக்குச் சொல்லிக் கொடுக்க மேஸ்திரி ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கு. பிடுங்கிய பிளக் உன் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்க வேண்டும். பிறகு சாவியை ஓட்டையில் நுழைத்து இடப்பக்கம் திருகு. வேலை முடிந்த பிட் கொதித்துக்கொண்டிருக்கும், வெறுங்கையால் தொடாதே, மெஷினைக் கவிழ்த்தால் தானே விழும். புது பிட்டை அடி தட்டும்வரை உள்ளே விட்டு, ஒரு நூலளவு பின்னால் இழு. கையால் சக்கைத் திருகி மூடு. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார். பிட் மூன்று பல்லுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சின்ன பிட் என்றால் இரண்டு பல்லுக்கு இடையில் கோணலாக மாட்டிக்கொண்டு சரியாக இருப்பதுபோல ஏமாற்றும். நடுவில் நின்றால் சாவியால் இறுக்கு. ஒரு ஓட்டையில் இறுக்கிவிட்டுப் போகாதே, மூன்று ஓட்டையிலும் இறுக்கு. சாவியை எடு. எடுத்துவிட்டாயா என்று பார். அதற்கப்புறம்தான் பிளக்.

சாவியை மெஷினின் வயரில் பருத்திக் கயிற்றால் கட்டி வைத்திருப்போம். பிளக்குக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. எதற்கு அங்கே கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"பிளக்கப் பிடுங்கினாதான் சாவி சக்குக்கு எட்டணும். அதுக்குத்தான்பா. மனுசன் மறப்பான், கயிறு மறக்காது" என்றார்.

இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்த மனிதர். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பட்டறைக்குள் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. பிறகு பெரிய பெரிய கடைகளாகத் திறக்க ஆரம்பித்தார்கள். தரையிலிருந்து கூரை வரை ரேக் கேட்டார்கள். முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் முடி, ஆடித் தள்ளுபடிக்குள் முடி என்று விரட்டல். ஏணி மேல் உட்கார்ந்துகொண்டு சுவரில் ஓட்டை போட வேண்டும். முதலில் ஆறு எம்.எம். பிட், பிறகு அதே ஓட்டையில் பத்து எம்.எம். பிளக்கோ கீழே தரையில், எக்ஸ்டென்ஷன் பெட்டியில். ஒவ்வொரு தடவை பிட் மாற்றவும் இறங்கிப் பிடுங்கு, ஏறி மாட்டு என்றால் ஒரு சுவருக்கு ஒரு நாள் போய்விடும்.

மூன்று டிரில் மெஷினையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. ஒரு நாள் மேஸ்திரி வந்து ஏணியை நிமிர்ந்து பார்த்தார்.

"வரதா, சாவிய மெஷின் பிடியாண்ட கட்டிடு. மேலேயே பிட்ட மாத்திக்கட்டும்."

"பிளக் பக்கத்துலதான கட்டணும்னு சொன்னீங்க?"

"அது பட்டறைலபா. இது சைட்டு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் முடிந்தது. நானும் கட்டினேன். ஏணி ஏறி இறங்கி எனக்கும்தான் முட்டி வலித்துக்கொண்டிருந்தது, பொய் சொல்வானேன்.

பிடிப் பக்கம் கட்டிய கயிறு நாளெல்லாம் உரசி அறுந்தது. பருத்தி அறுந்தது, சணல் அறுந்தது. ஒரு நாள் மேலிருந்து விழுந்த சாவி, புதிதாக வந்து இறங்கியிருந்த கண்ணாடி மேஜைமேல் விழுந்து மேஜை சில்லுச் சில்லாகப் போனது. கடைக்காரர் குதித்தார். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா ராஜா, ஒரு கயிறு ஒழுங்கா கட்டத் தெரியாதா?" என்றார்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. இந்த ஊரில் அறுக்க முடியாத நூலுக்கா பஞ்சம்?

தேவராஜ் என்று ஒருவன் என்னோடு வேலை பார்த்தான். இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே வயது. வீடு பிள்ளையார்பாளையம். அவன் மனைவி சரோஜா தறி போட்டாள். இவனுக்குத் தறியில் பொறுமை இல்லை, இரும்புக்கு வந்துவிட்டான். சுவரை விரலால் தட்டியே உள்ளே செங்கல் எங்கே, பூச்சு எங்கே என்று சொல்லுவான். வாய் ஓயாமல் பேசுவான். மதியச் சாப்பாட்டில் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இன்னாடா வரதா, இன்னிக்கும் கத்திரிக்காதானா, உங்க ஊர்ல வேற ஒண்ணும் வெளையாதா?" என்று கேட்காத நாள் இல்லை.

அவனிடம் கேட்டேன். "தேவா, உங்க வீட்ல பாவு அறுத்ததும் மிஞ்சுற பட்டு நூல் இருக்குமே, கொஞ்சம் கொண்டாயேன்."

"எதுக்குபா?"

"சாவி கட்ட."

"பட்டு நூல்ல யானையே கட்டலாம்டா. சாவி இன்னா சாவி" என்று சிரித்தான். மறுநாள் டிபன் பையில் ஒரு கத்தை கொண்டுவந்தான். அரக்கு நிறம். கல்யாணப் புடவை ஒன்றின் மிச்சம்.

எட்டு இழை சேர்த்துத் தொடைமேல் வைத்து நான்தான் முறுக்கினேன். மூன்று மெஷினுக்கும் நானே கட்டினேன், ஒரு முழ நீளத்துக்கு. மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். உள்ளங்கைச் சதை வெளுத்ததே தவிர நூல் அசையவில்லை. "இது அறுவாதுபா வரதா" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது தினமும் கரண்ட் போகும். காந்தி ரோட்டில் ஒரு புதுக் கடை, இரண்டு மாடி. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பெயின்ட்டர், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று உள்ளே முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தோம். ஜெனரேட்டர் வந்து இறங்கியிருந்தது, இணைப்பு கொடுக்கவில்லை. மதியம் இரண்டு மணி இருக்கும். தேவராஜ் ஏணி உச்சியில் உட்கார்ந்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் கீழே ரேக்குக்கு ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிரில்லின் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நாளெல்லாம் அழுத்திப் பிடித்தால் விரல் மரத்துப்போகும் என்பதால் நாங்கள் எல்லோருமே அதைப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வோம். அன்றைக்கு அது போட்டபடி இருந்தபோது கரண்ட் போனது. மெஷின் தானாக நின்றது. உள்ளே அந்தப் பொத்தான் அழுந்தியேதான் இருந்தது.

கரண்ட் இல்லாத நேரத்தை வீணாக்குவானேன் என்று அவன் பிட் மாற்ற உட்கார்ந்தான். மெஷினை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். நூல் குறுக்கே ஆடாமல் இருக்க வழக்கம்போல வலது கைக் கட்டைவிரலிலும் பக்கத்து விரலிலும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். சாவியை ஓட்டையில் நுழைத்தான். "வரதா, பத்து எம்.எம். எங்கடா வெச்ச?" என்று மேலிருந்து கேட்டான். "உன் பாக்கெட்லதான்டா இருக்குது" என்றேன்.

கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் எல்லோரும் 'ஓ'வென்று கத்துவார்களே, அப்படி முப்பது பேரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அந்தச் சத்தத்தில் அவன் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. என் தோள்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தபோது பெயின்ட் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். ஏணியில் ஏறினேன். நூல் சக்கில் சுற்றி, சக்கோடு சேர்த்து அவன் விரல்களையும் இறுக்கியிருந்தது. பருத்தியாக இருந்தால் முதல் சுற்றிலேயே அறுந்திருக்கும், முட்டியில் ஒரு காயத்தோடு போயிருக்கும். பட்டு அறவில்லை. கையால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன், அறவில்லை. கீழேயிருந்து யாரோ கத்தரிக்கோல் கொடுத்தார்கள். நூல் அரக்கு நிறம், ரத்தம் எது, நூல் எது என்று தெரியவில்லை. தடவித் தடவித்தான் வெட்டினேன். அவன் கத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டைவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். தேவராஜ் ஏற்கெனவே முதலாளியிடம் வேறு வேலை கேட்டு வைத்திருந்தான். சாமான்களை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்க டூல் ரூம் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, இடது கை போதும். "தப்பு உன்மேல இல்லன்னு வரட்டும், அந்த வேல உனக்குத்தான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அவனுடைய பிழைப்பு முழுக்க அந்த விசாரணையில்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலையில் மேஸ்திரி என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ பொய் ஒண்ணும் சொல்ல வாணாம் ராஜா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்."

ராஜா என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி அறையில் விசாரணை. வாசல் பெஞ்சில் தேவராஜ் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்கூட. நான் அவனைத் தாண்டி உள்ளே போனேன்.

"சக் சாவியை எங்க கட்டணும்?" என்று அதிகாரி கேட்டார்.

"பிளக் பக்கத்துல சார்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"மேஸ்திரி சார்."

பக்கத்தில் நின்றிருந்த மேஸ்திரி தலையை ஆட்டினார்.

வெட்டிய நூல் துண்டு மேஜைமேல் ஒரு காகிதத்தில் இருந்தது. அதிகாரி பேனாவால் அதைத் தொட்டார். "இது கம்பெனி குடுத்த நூலா?"

"இல்ல சார்."

"யாருது?"

"தேவராஜ் வீட்டு நூல் சார்."

அவர் எழுதிக்கொண்டார். நான் நின்றேன். கட்டியது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஃபைலை மூடி, போகலாம் என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பதினாலு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். போதும். கேட்டிருந்தாலும் நான் வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

பயிற்சி கொடுத்தும் கேளாமல், சொந்த நூலைக் கட்டிக்கொண்டு வேலை செய்தது தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. தேவராஜுக்கு வேலை போனது. டூல் ரூம் கட்டினார்கள். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடம், மின்விசிறிக்கு நேர் கீழே. உட்கார்ந்த முதல் நாள் மற்ற இரண்டு மெஷினில் இருந்த பட்டு நூலையும் வெட்டி எறிந்துவிட்டு, பிளக் பக்கம் பருத்திக் கயிற்றால் சாவியைக் கட்டினேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

தேவராஜ் கோயில் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனான். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் கிழிப்பான். நான் அந்தத் தெருவையே விட்டுவிட்டேன். சாமி பார்க்க வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு மற்ற வாசல் வழியாகப் போவேன்.

திவ்யா எழுதச் சொன்னதும் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் பிள்ளையார்பாளையம் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டதும் அவனே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"இன்னாடா வரதா, வழி தெரிஞ்சிதா?" என்றான்.

உள்ளே சரோஜா தறியில் இருந்தாள். "வாங்கண்ணா" என்றாள். தறி நிற்கவில்லை.

"பட்டறைல மலர் போடறாங்களாம். என்னைய எழுதச் சொல்றாங்க. அந்த விசாரணைல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுக்கினுதான இருந்தேன். கதவு தொறந்துதான இருந்துது" என்றான். "பொய் சொல்லியிருந்தன்னா வெளிய வந்ததும் சட்டையப் புடிச்சிருப்பேன்டா. நீ நெசத்த சொல்லிட்டுப் போயிட்ட. அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஆமா, எங்க வீட்டு நூலுதான்னு உக்காந்துக்கினு இருந்தேன்."

"கட்டுனது நான்னு நீ சொல்லியிருக்கலாமே தேவா."

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

தறி நின்றது. சரோஜா எங்கள் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்றீங்க? யாரு கட்டுனது?"

"நான்தாம்மா" என்றேன். "நூல் கொண்டாரச் சொன்னதும் நான்தான்."

அவள் தேவராஜைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "கடையில திட்டு வாங்கிக்கினு இருக்கறான் ஒரு கூட்டாளி, அவனுக்கு வோணும்னு சொல்லித்தான் அன்னிக்குக் கேட்டாரு. யாருன்னு சொல்லல. நான்தாண்ணா அறுத்துக் குடுத்தேன். என் கையால குடுத்த நூலு என் புருசன் வெரல தின்னுடுச்சேன்னு பதினாலு வருசமா நெனச்சிக்கினு இந்தத் தறியில உக்காந்துக்கினு இருக்கறேன். ஒரு வார்த்த, யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அதை இருவரும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. திரும்பும்போது தேவராஜ் வாசல்வரை வந்தான்.

"எழுது. நூலு எங்க வீட்டுதுதான், அத மாத்தாத. மிச்சத்தையும் சேத்து எழுது" என்றான்.

எழுதுகிறேன் திவ்யாம்மா. நீ கேட்ட டிப்ஸ் மேலே இருக்கிறது, வேண்டுமானால் அதை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள். ஆனால் கீழே இருப்பதை அந்த ஃபைல் எங்கே இருக்கிறதோ தேடி அதில் வைத்துவிடு.

ஐயா, நூல் தேவராஜ் வீட்டு நூல்தான். அதைக் கொண்டுவரச் சொன்னது நான். முறுக்கியதும் மெஷினில் கட்டியதும் நான். பிளக் பக்கத்திலிருந்து மேலே மாற்றிக் கட்டச் சொன்னது மேஸ்திரி. தேவராஜ் எங்களை நம்பி ஏணியில் ஏறினான், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்போது சத்தமாகப் படித்துப் பார்த்தேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.